பட்டமும் உரிமமும்

அமெரிக்காவில் ஜெர்மன் மொழியில் முதுகலைப் பட்டம் பெற்றவர், அரசுப் பள்ளியில் ஆசிரியராவதற்கு அப்பட்டம் ஒன்றே போதும் என எண்ணினால் ஏமாறுவார். பட்டம் தருவது பல்கலைக்கழகம். கற்பிக்கும் உரிமத்தைத் தருவதோ மாநில அரசு.

இவ்விரண்டையும் தனித்தனியே தேடிக் காலத்தையும் பொருளையும் இழக்காதிருக்க, சில பல்கலைக்கழகங்கள் இரண்டையும் இணைத்தே கற்பிக்கின்றன. மாணவர் ஒருபுறம் ஜெர்மன் இலக்கியமும் மொழியியலும் பயில்வார். மறுபுறம் கல்வி உளவியலும் மொழி கற்பிக்கும் முறைகளும் கற்பார். பின்னர் அனுபவமிக்க ஆசிரியரின் மேற்பார்வையில் பள்ளியொன்றில் பயிற்சி பெறுவார்.

பேச்சுத் திறனும் சோதிக்கப்படுவதுண்டு. 1967இல் நிறுவப்பட்ட 'ஆக்ட்ஃபுல்' என்னும் மொழியாசிரியர் அமைப்பு, ஜெர்மன் ஆசிரியராக விழைவோர் 'அட்வான்ஸ்டு லோ' நிலையை எட்ட வேண்டும் எனத் தரம் வகுத்துள்ளது. நடந்ததையும் நடப்பதையும் நடக்கவிருப்பதையும் தொடர்ந்து விவரிக்கும் ஆற்றலே அந்நிலை. நூலறிவு மட்டும் இதற்குப் போதாது.

உரிம விதிகள் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும். ஆகவே, இப்படிப்பில் சேர விரும்பும் பிள்ளைகளும் அவர்தம் பெற்றோரும், கட்டணம் செலுத்துமுன் ஒரு வினாவை எழுத்து மூலம் கேட்டறிதல் நலம்: "இதனை முடித்தால் எந்த மாநிலத்தின் உரிமத்திற்குத் தகுதி கிடைக்கும்?" தெளிவான விடை கிடைத்தபின் சேர்வதே அறிவுடைமை.