கைபேசியில் போட்ட கையெழுத்து கரை சேருமா?
எண்ணூர் சொல்லும் பாடம்

2023 டிசம்பர் 26. நள்ளிரவு நெருங்கும் நேரம். எண்ணூர் பெரியகுப்பத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக எழுந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். அங்குள்ள கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலில் வரும் அமோனியாவைக் கரைக்குக் கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டிருந்தது. 50-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்து பார்த்தபோது, ஒரு கனமீட்டர் காற்றில் 400 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டிய அமோனியா, ஆலை வாசலில் 2,090 மைக்ரோகிராம் இருந்தது. லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டிய கடல்நீரில் 49 மில்லிகிராம்.

வயலுக்கு வாங்கிவரும் காம்ப்ளக்ஸ் உர மூட்டைக்குப் பின்னால் இப்படி ஒரு குப்பமும் இருக்கிறது என்பது அன்றுதான் பல விவசாயிகளுக்குத் தெரிந்தது. தெரியவைத்தது கைபேசி. மக்கள் இருட்டில் எடுத்த காணொலிகள் விடிவதற்குள் தமிழ்நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தன.

திங்கட்கிழமை காலையில் ஆட்சியர் அலுவலக வாசலில் மனுவோடு நிற்பது விவசாயிக்குப் பழகிப்போன விஷயம். அந்த மனு இப்போது கைபேசிக்குள்ளும் வந்துவிட்டது. ‘இந்தத் திட்டத்தை நிறுத்துங்கள்’, ‘இந்த ஏரியைக் காப்பாற்றுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு இணைப்பு வருகிறது. பெயரைப் போட்டு ஒரு தட்டுத் தட்டினால் கையெழுத்து முடிந்தது. இதனால் ஏதாவது நடக்குமா? இந்தக் கேள்விக்கு வடசென்னையின் துறைமுகப் பகுதியில் கிடைப்பதைப் போன்ற தெளிவான பதில் வேறு எங்கும் கிடைக்காது.

வரைபடத்தில் காணாமல் போன ஆறு

பூண்டி ஏரி நிரம்பினால் திறந்துவிடும் தண்ணீர் கொசஸ்தலை ஆற்றின் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்துதான் கடலில் சேர வேண்டும். முகத்துவாரம் அடைபட்டால் வெள்ளம் பின்னோக்கி ஏறும். இது மீனவர் பிரச்னை மட்டுமல்ல என்பது மீஞ்சூர், பொன்னேரி வட்டார விவசாயிகளுக்குத் தெரியும். அளவுக்கு மீறி நிலத்தடி நீரை உறிஞ்சியதால் மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் உள்ளே புகுந்து, கிணறுகள் உப்பாகிப் போன கதையை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள்.

இந்தக் கழிமுகத்தில்தான் அனல்மின் நிலையச் சாம்பல் பல ஆண்டுகளாகக் கொட்டிக்கொண்டிருந்தது. வடசென்னை அனல்மின் நிலையத்திலிருந்து சாம்பல் குட்டைக்குப் போகும் குழாய்கள் பல இடங்களில் ஒழுகின. ஆற்றின் அடியில் சாம்பல் படிந்து, ஆழமாக இருந்த இடம் முழங்கால் அளவாகிப் போனது. கையால் தடவி இறால் பிடிப்பவர்களின் கைக்குச் சாம்பல் சேறுதான் வந்தது.

இதோடு வரைபடப் பிரச்னையும் சேர்ந்தது. 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் சுமார் 6,500 ஏக்கர் பரப்புள்ள கழிமுகம், கட்டுமானம் கூடாத பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தது. பின்னால் வந்த வரைபடத்தில் கழிமுகமே இல்லை என்று மீனவர்களும் சூழலியலாளர்களும் குற்றம் சாட்டினர். இது வெறும் வாய்ப்பேச்சாக நிற்கவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெற்ற காகிதங்களை முன்வைத்தே அவர்கள் பேசினார்கள்.

2017 ஜனவரியில் இதே கழிமுகத்தில் நின்று டி.எம்.கிருஷ்ணா பாடிய ‘சென்னை புறம்போக்கு பாடல்’ வெளியானது. அது இணையத்தில் பரவ, கூடவே கையெழுத்து மனுக்களும் பரவின. அந்த மாதக் கடைசியில், ஜனவரி 28 அன்று, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர்க் கரையில் வாளியால் எண்ணெய் அள்ளிய காட்சியை நாடே பார்த்தது. அக்டோபரில் நடிகர் கமல்ஹாசன் கழிமுகத்தைப் பற்றி ட்விட்டரில் எழுதிவிட்டு நேரிலும் வந்து பார்த்தார். அதுவரை சென்னைக்காரர்களே எட்டிப் பார்க்காத ஊர், தலைப்புச் செய்தியானது.

சத்தம் எழுந்தது. ஆனால், சாம்பலை அகற்றச் சொல்லி உத்தரவு வந்தது அந்தச் சத்தத்தால் மட்டும் அல்ல. எண்ணூர்ப் பகுதி மீனவர்கள் 2016-லிருந்தே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் வழக்கு நடத்தி வந்தனர். ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி சாந்த ஷீலா நாயர் தலைமையிலான நிபுணர் குழு இடத்தை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. 2022 ஜூலையில் தீர்ப்பு வந்தது. குழாய் ஒழுகலை நிறுத்த வேண்டும், கழிமுகத்தில் படிந்த சாம்பலை அகற்ற வேண்டும், பொறுப்பு மின்வாரியத்துடையது என்று தீர்ப்பாயம் சொன்னது.

பாட்டும் படமும் இணைய மனுவும் ஊரின் பார்வையைத் திருப்பின. வழக்குக் கட்டும் வரைபடமும் நிபுணர் அறிக்கையும் உத்தரவை வாங்கித் தந்தன. உழவன் மொழியில் சொன்னால், இணையக் கையெழுத்து மழை மாதிரி. மழை பெய்தால் மட்டும் நெல் விளையாது. வரப்பும் வாய்க்காலும் இருக்க வேண்டும்.

கொடைக்கானல்: 15 ஆண்டுகளும் ஒரு பாட்டும்

வாய்க்கால் இருந்தால் மழை என்ன செய்யும் என்பதற்குக் கொடைக்கானல் நல்ல உதாரணம். அங்கிருந்த இந்துஸ்தான் லீவர் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவு பழைய இரும்புக் கடையில் கிடந்தது 2001 மார்ச்சில் அம்பலமானது. ஆலை மூடப்பட்டது. பாதரசத்தால் உடல் கெட்டதாகச் சொன்ன தொழிலாளர்கள் இழப்பீடு கேட்டு 2006-ல் உயர் நீதிமன்றம் போனார்கள். வழக்கு நடந்துகொண்டே இருந்தது.

2015 ஜூலையில் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ‘கொடைக்கானல் வோன்ட்’ என்ற காணொலி வந்தது. அதன் முடிவில் ஒரு இணைய மனு. பல லட்சம் பேர் பார்க்க, நிறுவனத்தின் தலைமைக்கே நேரடியாகக் கேள்விகள் போயின. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. இணையம் எட்டு மாதத்தில் சாதித்துவிட்டது என்று சொல்வது எளிது. ஆனால், 15 ஆண்டுகள் கலையாமல் நின்ற தொழிலாளர் சங்கமும் நீதிமன்றத்தில் உயிரோடு இருந்த வழக்கும் இல்லையென்றால், அந்தக் கையெழுத்துகள் யாருடைய கைக்கும் எட்டியிருக்காது.

17 லட்சம் மின்னஞ்சல்

சட்டமே ‘கருத்துச் சொல்லுங்கள்’ என்று கதவைத் திறக்கும் நேரமும் உண்டு. 2020-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் புதிய வரைவை வெளியிட்டது. பொதுமக்கள் கருத்துச் சொல்லத் தரும் 30 நாள் அவகாசத்தை 20 நாளாகக் குறைக்க அதில் யோசனை இருந்தது. ஊரடங்கு நேரம். வீட்டிலிருந்தே மக்கள் மின்னஞ்சல் அனுப்பினர். சுமார் 17 லட்சம் கருத்துகள் குவிந்தன. வரைவைப் பிற மொழிகளிலும் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கருத்துச் சொல்லும் கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. அந்த வரைவு இறுதி அறிவிக்கையாக வரவில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மின்னஞ்சல்கள் குவிந்த அந்த நேரத்தில், இயக்கம் நடத்திய இளைஞர்களின் இணையதளம் ஒன்று முடக்கப்பட்டது. டெல்லி காவல்துறை முதலில் அனுப்பிய நோட்டீஸில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமே குறிப்பிடப்பட்டிருந்தது. பிறகு தவறு என்று சொல்லித் திரும்பப் பெற்றார்கள்.

எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியிலும் இதே கதவுதான் கைகொடுத்தது. 330 ஏக்கரில் இருக்கும் அதானி துறைமுகத்தை 6,100 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டம். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய மணல்திட்டு அரிக்கப்பட்டால் ஏரியும் அதை ஒட்டிய நிலங்களும் என்னவாகும் என்பது எதிர்த்தவர்களின் கேள்வி. 2021 ஜனவரி 22-ல் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று அறிவிப்பு வந்ததும், இணையத்தில் எதிர்ப்பு மனுக்களும் மீனவ கிராமங்களில் போராட்டமும் ஒன்றாகக் கிளம்பின. தொற்றுக் காலத்தைக் காரணம் காட்டிக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 5 என்று மறுபடி தேதி குறித்தார்கள். அதுவும் தள்ளிப்போனது.

வாசகர்களுக்கு எழும் கேள்விகள்

எத்தனை பேர் இணையத்தில் கையெழுத்திட்டால் அரசு பதில் சொல்லியே ஆக வேண்டும்?

அப்படி ஒரு எண்ணிக்கை இந்தியாவில் இல்லை. பிரிட்டனில் நாடாளுமன்றமே மனுத்தளம் நடத்துகிறது. 10,000 கையெழுத்து சேர்ந்தால் அரசு பதில் தரும். ஒரு லட்சம் சேர்ந்தால் விவாதத்துக்கு எடுக்கப் பரிசீலிக்கும். இங்கே தனியார் தளத்தில் ஐந்து லட்சம் பேர் கையெழுத்திட்டாலும் அது சட்டப்படி ஒரு கடிதம்தான். ஆகவே அதை அச்செடுத்து, உரிய அதிகாரியிடம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஆட்சியரின் மக்கள் குறைதீர்க்கும் நாள், மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம், சட்டப்பேரவையின் மனுக்கள் குழு ஆகியவை இதற்கான இடங்கள்.

ஊருக்குப் பக்கத்தில் ஆலை வரப்போகிறது. எப்போது எதிர்ப்பைத் தெரிவிக்க வேண்டும்?

சுற்றுச்சூழல் அனுமதிக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவைப்படும் திட்டம் என்றால், 2006 அறிவிக்கையின்படி 30 நாளுக்குக் குறையாமல் அவகாசம் கொடுத்து நாளிதழில் விளம்பரம் வரும். வட்டார மொழியில் எழுதிய சுருக்க அறிக்கையை ஆட்சியர் அலுவலகத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் பார்க்கலாம். நேரில் வர முடியாதவர்கள் எழுத்து மூலம் கருத்து அனுப்பலாம். இணையக் கையெழுத்துக்குப் பலன் அதிகம் உள்ள காலம் இந்த 30 நாள்தான். ஒன்றை மறக்கக் கூடாது. கூட்டத்துக்கு இத்தனை பேர் வர வேண்டும் என்ற குறைந்தபட்சக் கணக்கு எதுவும் இல்லை. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் நடந்ததாகவே பதிவாகும். இணையத்தில் எதிர்த்துவிட்டு வீட்டில் இருந்துவிட்டால், பதிவேட்டில் எதிர்ப்பு இருக்காது. பேசியவற்றின் பதிவை முடிவில் கூட்டத்தில் படித்துக் காட்ட வேண்டும். சொன்னது விடுபட்டிருந்தால் அங்கேயே கேளுங்கள்.

அனுமதி கொடுத்துவிட்டார்கள். இனி?

30 நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை ஏற்பார்கள். அதற்குள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பித்துக் காகிதங்களைச் சேருங்கள். கிராம ஊராட்சி என்றால் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஆண்டுக்கு ஆறு நாள்கள் சபை கூடுகிறது.

இணைய மனுவில் கையெழுத்திடும்போது எதில் கவனம் வேண்டும்?

ஆதார் எண், வங்கி விவரம் கேட்டால் விலகிவிடுங்கள். கையெழுத்திட்டதும் சில தளங்கள் பணம் கேட்கும். அது பெரும்பாலும் மனுவைப் பரப்புவதற்கான கட்டணம், பாதிக்கப்பட்டவர்களுக்குப் போவதில்லை. மனு யார் பெயருக்கு எழுதப்பட்டிருக்கிறது, அவருக்கு அதில் அதிகாரம் உண்டா, என்ன செய்யச் சொல்கிறது என்று பாருங்கள். ‘ஆற்றைக் காப்பாற்றுங்கள்’ என்ற மனுவை விட, ‘இந்த சர்வே எண்ணில் கொட்டிய சாம்பலை அகற்றுங்கள்’ என்ற மனு அதிகாரியை அதிகம் கட்டிப்போடும்.

இன்னும் முடியாத கணக்கு

பெரியகுப்பம் மக்கள் ஆலையை நிரந்தரமாக மூடச் சொல்லி 100 நாளைத் தாண்டிப் போராடினார்கள். 2024 மே மாதம் பசுமைத் தீர்ப்பாயம், உரிய துறைகளிடம் தடையில்லாச் சான்று பெற்ற பிறகு ஆலை இயங்கலாம் என்று தீர்ப்பளித்தது. அவர்கள் கேட்டது கிடைக்கவில்லை. ஆனால், கடலடியில் ஒரு குழாய் ஓடுவதும், அதைச் சோதித்துச் சான்று தர வேண்டிய துறைகள் இருப்பதும் ஊர் அறிந்த செய்தியானது.

அதே ஆண்டு டிசம்பரில், எண்ணூர் அனல்மின் நிலைய விரிவாக்கத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தபோது குப்பத்து மக்கள் திரண்டு வந்து மைக்கின் முன் பேசினார்கள். கைபேசி எல்லோர் கையிலும் இருந்தது. ஆனாலும் வேலையை விட்டு, ஒரு நாள் வருமானத்தை விட்டு, நேரில் வந்தார்கள். பதிவேட்டில் ஏறுவது அங்கே பேசியதுதான் என்பது எண்ணூருக்குத் தெரியும்.