சோலைக்கிளி

கிளி என்றவுடன் பச்சை நிறமும் வளைந்த சிவந்த அலகும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. சோலைக்கிளிக்கு அவ்விரண்டும் இல்லை. மலையாளத்தில் கிளி என்பது சிறுபறவைகளுக்குரிய பொதுப்பெயர். இங்கும் அதுவே பொருள். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த காடுகளிலன்றி உலகில் வேறெங்கும் வாழாத பாடும் பறவை இது.

ஏறத்தாழ 15 செ.மீ. நீளம், குட்டை வால், உடலுக்கு மிஞ்சியனவோ எனத் தோன்றும் நெடுங்கால்கள், தலையும் முதுகும் மார்பும் கருநீலம். ஆணும் பெண்ணும் ஒத்த தோற்றமுடையன. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் வாழ்வதன் விலாப்புறம் செம்பழுப்பு நிறமுடையது. தெற்கே ஆனைமலை, பழனி மலைகளில் வாழ்வதற்கு அச்செம்மை இல்லை. வயிற்றின் நடுப்பகுதி மட்டும் வெள்ளை. இடையிலுள்ள தாழ்நிலத்தைக் கடவாமல் நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்ததால் இவை இருவேறு இனங்களாயின. 2017ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் இவற்றுக்கெனத் தனிப் பேரினம் வகுத்து, ‘சோலிகோலா’ எனப் பெயரிட்டனர். சோலையில் வாழ்வது என்பது அதன் பொருள். நம் பழந்தமிழ்ச் சொல்லொன்று அறிவியற் பெயரில் இடம்பெற்றமை தமிழ் பயில்வோர்க்கு உவகை தருவதே.

மலை மடிப்புகளில், ஓடையோரமாய், பாசி படர்ந்த குறுமரங்கள் அடர்ந்து நிற்பதே சோலை, சுற்றிலும் புல்வெளி. பகலிலும் மங்கலாயிருக்கும் அச்சோலையின் தரையில், உதிர்ந்த இலைகளிடையே தத்தித் தத்திப் பூச்சிகளை உண்கிறது இப்பறவை. மரப்பொந்திலோ மண்சரிவின் குழியிலோ பாசியால் கூடமைத்து, பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடும்.

புதர் நிழலை விட்டு வெட்டவெளிக்கு வர அஞ்சும் இயல்பே இன்று இதற்கு இடராயிற்று. 19ஆம் நூற்றாண்டு முதல் சோலைகளின் இடையே தேயிலையும் யூகலிப்டசும் சீகை மரமும் பரவின. தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு மலை முழுதும் பசுமையே. ஆயினும் இப்பறவைக்கு அது காடன்று. மனிதரால் துண்டுபட்ட சோலைகளில் வாழும் பறவைகள் ஒன்றோடொன்று கலவாமல், மரபணுவிலும் வேறுபடத் தொடங்கிவிட்டதை 2015இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. நீலகிரி இனம் அருகிவரும் உயிரினங்களின் பட்டியலில் உள்ளது.

இதனைக் காண்பது அரிது, கேட்பது எளிது. விடியற்காலையும் அந்தியும் இது பாடும் பொழுதுகள். ஏற்ற இறக்கமுள்ள சீழ்க்கை ஒலி புதருக்குள்ளிருந்து எழும். அருகில் சென்றால் பாட்டு நின்றுவிடும். அசையாது சிறிது நேரம் நின்றால், மீண்டும் தொடங்கும்.