மோதல்-காதல் கதைகள்

மோதலில் தொடங்கிக் காதலில் முடியும் கதைகள் தமிழ்ப் பொதுவாசிப்பு நாவல்களிலும் திரைப்படங்களிலும் நெடுங்காலமாக விரும்பப்படும் கதைவகை. நாயகனும் நாயகியும் பகைவர்களாகவோ போட்டியாளர்களாகவோ அறிமுகமாகி, சண்டையின் வழியாகவே ஒருவரையொருவர் அறிந்துகொள்கிறார்கள். இவ்வகைக் கதைகளில் பல சிற்றூரில் நிகழ்பவை, நகைச்சுவை கலந்தவை.

இலக்கியப் பின்புலம்

தமிழ் அக இலக்கியத்தில் சண்டை காதலின் பகுதியாகவே கருதப்பட்டது. மருதத் திணையின் உரிப்பொருள் ஊடல். திருக்குறளின் இறுதி மூன்று அதிகாரங்களான புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை (131-133) ஊடலைப் பற்றியவை. புலவி நுணுக்கத்தில் நகைச்சுவை வெளிப்படையாகவே உள்ளது. கணவன் தும்மியதும் மனைவி வாழ்த்துகிறாள். அடுத்த கணமே, யார் நினைத்ததால் தும்மினீர் என்று கேட்டு அழுகிறாள்.

ஆனால் ஊடல் காதலுக்குப் பின் வருவது. மோதல்-காதல் கதைகளில் சண்டை முன்னால் வருகிறது, காதல் பின்னால் வருகிறது. காதலர் அல்லாத இருவர் ஏன் சண்டையிட வேண்டும் என்ற கேள்விக்கான விடை அக இலக்கியத்தின் இன்னொரு கருத்தான அலரில் உள்ளது.

அலரும் சிற்றூரும்

காதலரைப் பற்றி ஊரார் தமக்குள் முணுமுணுப்பது அம்பல், வெளிப்படையாகப் பேசுவது அலர். அகநானூற்றின் 70ஆம் பாடல் இதை ஒரு கடற்கரை ஊரில் காட்டுகிறது. தலைவியின் காதலைத் தூற்றிய ஊர், திருமணம் உறுதியானதும் அடங்கிவிடுகிறது. பாண்டியரின் கோடிக்கரையில் இராமன் மறை ஆய்ந்தபோது பறவைகளின் ஒலி அடங்கிய ஆலமரம் அதற்கு உவமை. அந்தக் கோடியை இராமேஸ்வரம் தீவின் முனையான தனுஷ்கோடி என அறிஞர் பலர் கொள்வர்.

ஊர் பேசும் என்ற அச்சமே இக்கதைவகையின் இயங்குவிசை. திருமணமாகாத ஆணும் பெண்ணும் கடைத்தெருவில் நின்று பேசினால் மாலைக்குள் அது வீடு வந்து சேரும் ஊர்களில், இருவரும் வெளிப்படையாகப் பேசிக்கொள்ள இருக்கும் ஒரே வழி சண்டை. வரப்புத் தகராறு, ஏலப் போட்டி, கோயில் விழாப் பூசல் என எதுவாக இருந்தாலும் அது பேச ஒரு காரணத்தைத் தருகிறது. சண்டை போடுபவர்களை ஊர் சந்தேகிப்பதில்லை.

தவிர்க்க முடியாமையும் சிற்றூர் தரும் வசதி. பெருநகரத்தில் பிடிக்காதவரை மறுபடி பார்க்காமலே இருந்துவிடலாம். இராமேஸ்வரம் போன்ற தீவு ஊரில் அது இயலாது. 1914 முதல் ரயில் பாலம், 1988 முதல் சாலைப் பாலம் என வெளியே செல்லும் வழிகள் எண்ணி வைத்தவை. ரத வீதியிலோ மீன் இறங்குதளத்திலோ பேருந்திலோ எதிரியை மறுநாளே பார்த்தாக வேண்டும்.

எடுத்துக்காட்டுகள்

கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய தில்லானா மோகனாம்பாள் இவ்வகையின் முதன்மைப் படைப்பு. ஏ.பி. நாகராஜன் இயக்கத்தில் 1968ல் திரைப்படமானது. நாதஸ்வரக் கலைஞர் சண்முகசுந்தரத்துக்கும் நடனக் கலைஞர் மோகனாம்பாளுக்கும் இடையிலான போட்டியே கதை. போட்டிக்கு அடியில் இருப்பது ஒருவர் கலைமீது மற்றவருக்குள்ள மதிப்பு. வைத்தி, ஜில்ஜில் ரமாமணி போன்ற துணைப்பாத்திரங்கள் கோயில் நகரத்தின் பேச்சையும் சூழ்ச்சியையும் நகைச்சுவையாகக் கொண்டுவருகின்றன.

எல்.வி. பிரசாத் இயக்கிய மிஸ்ஸியம்மா (1955) இந்த அமைப்பைத் தலைகீழாக்குகிறது. வேலையற்ற இருவர் கணவன் மனைவியாக நடித்து ஓர் ஊர்ப் பள்ளியில் ஆசிரியர்களாகச் சேர்கிறார்கள். இங்கே ஊருக்குத் தெரியாமல் மறைக்க வேண்டியது காதலை அல்ல, சண்டையை.

ரமணிசந்திரனின் காதல் நாவல்கள் பலவற்றில் தவறான எண்ணமே இருவருக்கும் இடையிலான சுவர். அது விலகுவதே கதையின் போக்கு. இன்றைய இணையத் தொடர்கதைகளிலும் இவ்வமைப்பு தொடர்கிறது. உலக இலக்கியத்தில் ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (1813) இதன் முன்னோடிகளுள் ஒன்று. அதிலும் சிற்றூர் வம்புப்பேச்சு கதையை நகர்த்துகிறது.

ஈர்ப்பின் காரணங்கள்

- முடிவு வாசகருக்கு முன்பே தெரியும், பாத்திரங்களுக்குத் தெரியாது. இந்த இடைவெளியில் சிரிப்பு பிறக்கிறது.
- சண்டையில் பெண் பாத்திரத்துக்கு நாயகனுக்கு இணையான பேச்சு கிடைக்கிறது. வெட்கப்பட்டு ஒதுங்கும் நாயகிக்கு அந்த வாய்ப்பு இல்லை.
- இருவரும் தம் குறைகளை முதலிலேயே வெளிக்காட்டி விடுகிறார்கள். மோசமான முகத்தைப் பார்த்த பின்னும் வரும் விருப்பம் நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது.

விமர்சனம்

இவ்வகைக் கதைகள் பல, பெண்ணின் திமிரை ஆண் அடக்குவதாக முடிகின்றன. ஷேக்ஸ்பியரின் 'த டேமிங் ஆஃப் த ஷ்ரூ' நாடகத்தைத் தழுவிய அறிவாளி (1963), பட்டிக்காடா பட்டணமா (1972) ஆகிய படங்கள் இதற்குச் சான்று. மறுக்கும் பெண்ணைப் பின்தொடர்ந்து துன்புறுத்துவதைக் காதலின் தொடக்கமாகக் காட்டும் படங்களும் உண்டு. அவற்றில் சண்டை இல்லை, ஒருவரின் வற்புறுத்தல் மட்டுமே உள்ளது.

இருவகையையும் பிரித்தறிய ஓர் எளிய அளவுகோல், மாறுவது யார் என்று பார்ப்பது. நல்ல மோதல்-காதல் கதையில் இருவருமே தோற்கிறார்கள், இருவரும் தம் எண்ணத்தைத் திருத்திக்கொள்கிறார்கள். ஒருவர் மட்டும் பணிந்தால் அது அடக்குமுறைக் கதை. அங்கே நகைச்சுவை அதை மறைக்கும் திரையாக மட்டுமே பயன்படுகிறது.