புகையானுக்கு ஒரு பூட்டு போதாது!

புகையான் என்றதும் ஏதோ சினிமா வில்லன் என்று நினைத்துவிடாதீர்கள். பழுப்பு நிறத்தில் சுமார் மூன்று மில்லிமீட்டர் பூச்சி. நெல்லின் தூரில் உட்கார்ந்து, இளநீரில் ஸ்ட்ரா போடுகிற மாதிரி ஊசி வாயைச் செருகிச் சாறு குடிக்கும். கூட்டம் சேர்ந்துவிட்டால் போச்சு! பச்சை வயல் வட்ட வட்டமாய்த் தீய்ந்து நிற்கும். அறுப்புக்கு ஆள் கூப்பிடவே வேண்டாம்.

மருந்தடித்தால்? புகையானைத் தின்கிற சிலந்தியும் சேர்ந்து சாகும். இந்தோனேஷியா 1986-ல் நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தது இதனால்தான்.

ஆனால் சில ரகங்களை மட்டும் புகையான் ருசி பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். காரணம், ஜீன். 2009-ல் சீனாவின் வூஹான் பல்கலைக்கழகத்தார் அப்படி ஒரு ஜீனைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். பூச்சி ஊசியைச் செருகியதும் செடி 'காலோஸ்' என்ற பொருளால் சாற்றுக் குழாயை அடைத்துவிடுகிறது. ஸ்ட்ராவில் வழுக்கை சிக்கின கதைதான்!

இந்த வகையில் முதல் இரண்டு ஜீன்கள் 1971-லேயே தெரிந்துவிட்டன. ஒன்று, முட்கோ என்ற இந்திய ரகத்தில். இன்னொன்று ஏ.எஸ்.டி. 7-ல். ஏ.எஸ்.டி. என்றால் நம்ம அம்பாசமுத்திரம், சார்!

முட்கோ ஜீனை வைத்து 1973-ல் பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர். 26 வந்தது. விவசாயிகள் ஆசையாக நட்டார்கள். இரண்டு மூன்று வருஷம்தான். அந்த ஜீனுக்கு அசராத புகையான்கள் மட்டும் பிழைத்துப் பிள்ளைகுட்டி பெற்றுப் பெருகிவிட்டன. ஊர் முழுக்க ஒரே பூட்டு என்றால் திருடனுக்கு ஒரு சாவி போதாதா? நான் பி.காம். ஆகவே எனக்கு, மொத்த போனஸையும் ஒரே கம்பெனி ஷேரில் போட்டவர்தான் நினைவுக்கு வருகிறார். 1976-ல் வேறு ஜீனோடு ஐ.ஆர். 36 வந்தது. அது இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது, அவ்வளவே.

எனக்குப் பிடித்த ஆசாமி, கேரளத்துப் பட்டாம்பியின் பி.டி.பி. 33. விளைச்சலில் இன்றைய ரகங்களோடு போட்டி போட முடியாது. ஆனால் அதனிடம் ஒன்றுக்கு மேற்பட்ட ஜீன்கள். ஒன்றைப் புகையான் தாண்டினாலும் அடுத்தது மறிக்கும். இப்போது விஞ்ஞானிகள் செய்வதும் இதைத்தான். கலப்பு செய்து, இரண்டு மூன்று ஜீன்களை ஒரே ரகத்தில் சேர்க்கிறார்கள். நாற்றில் ஒரு துளி இலையைக் கிள்ளி டி.என்.ஏ. பார்த்தால் எது வந்திருக்கிறது, எது வரவில்லை என்று தெரிந்துவிடும்.

இருந்தாலும் கடைசியில் பூச்சி வைக்கிற பரீட்சை உண்டு. தட்டில் நாற்றுகளை வரிசையாக வளர்த்து, மேலே புகையான் குஞ்சுகளைத் தூவுவார்கள். கூடவே டி.என். 1 என்ற ரகமும் ஒரு வரிசை இருக்கும். (தமிழ்நாடு இல்லை, தைவான் சரக்கு!) அது செத்து விழுந்த பிறகுதான் மற்றதுக்கு மார்க் போடுவார்கள். பாவம், டி.என். 1-க்கு எப்போதும் பலியாடு வேஷம்தான்.