மூச்சின் தாளம் பிறக்கும் இடம்

பிரான்ஸின் 'எல்' இதழாசிரியர் ழான்-தொமினிக் பொபி 1995 டிசம்பரில் பக்கவாதம் தாக்கி நினைவிழந்தார். சில வாரங்கள் கழித்து விழித்தபோது அறிவு தெளிவாக இருந்தது. கை, கால், நாக்கு எதுவும் சொன்னபடி கேட்கவில்லை. இடது கண்ணை மட்டும் இமைக்க முடிந்தது. ஒருவர் எழுத்துகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வர, வேண்டிய எழுத்து வந்ததும் இமைத்து, ஒரு முழுப் புத்தகத்தையே எழுதி முடித்தார்.

அவருக்கு அடிபட்டது மூளைத்தண்டில்.

பெருமூளையையும் தண்டுவடத்தையும் இணைக்கும் இந்தத் தண்டு ஏறக்குறைய ஒரு விரல் நீளம்தான். மேலே நடுமூளை, இடையில் பான்ஸ், கீழே முகுளம். கை கால்களுக்கான கட்டளைகள் எல்லாம் இந்தக் குறுகிய வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். பான்ஸின் முன்பகுதிக்கு ரத்தம் போகாவிட்டால் அந்த நரம்பிழைகள் மொத்தமாகச் செயலிழக்கும். இமையைத் தூக்கும் நரம்போ அதற்கு மேலே, நடுமூளையிலேயே கிளம்பிவிடுகிறது. நம்மை விழிப்போடு வைத்திருக்கும் நரம்பு வலையும் பெரும்பாலும் பின்பக்கமாகத் தப்பிவிடும். உடல் முடங்கியும் மனம் விழித்திருப்பது அதனால்தான்.

முகுளத்தின் வேலை இன்னும் வியப்பானது. ஜெஃப்ரி ஸ்மித், ஜாக் ஃபெல்ட்மேன் குழுவினர் 1991இல், அப்போதுதான் பிறந்த எலிக்குட்டிகளின் முகுளத்திலிருந்து மெல்லிய சீவல் ஒன்றை எடுத்துத் திரவத்தில் வைத்தார்கள். நுரையீரல் இல்லை, உடலே இல்லை. ஆனாலும் அந்தத் துண்டு மூச்சின் தாளத்தில் மின்துடிப்புகளை எழுப்பிக்கொண்டே இருந்தது! தூக்கத்திலும் நம் மூச்சு நிற்காததற்கு இத்தகைய நரம்பணுக்களே காரணம். மூச்சை எவ்வளவு பிடிவாதமாக அடக்கினாலும், ரத்தத்தில் கரியமில வாயு ஏறியதும் முகுளம் நம் விருப்பத்தை மீறி மார்பை விரியவைத்துவிடும்.

இதயம் அப்படியல்ல. அதன் துடிப்பு அதற்குள்ளேயே பிறக்கிறது. அதனால் மூளைத்தண்டு செத்த பிறகும், வென்டிலேட்டர் காற்றைச் செலுத்தும்வரை இதயம் துடிக்கிறது, உடல் சூடாக இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் குடும்பத்தைக் குழப்புவது இந்தச் சூடுதான். கோமாவில் மூளைத்தண்டின் ஒரு பகுதியாவது இயங்கும், மீள வழி இருக்கலாம். மூளைச்சாவில் வழியே இல்லை. இந்த வேறுபாட்டை அவர்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்வது மருத்துவரின் கடமை.

இந்தியாவின் 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டின் சாவை மரணமாக ஏற்கிறது. சோதனையின்போது ஆக்சிஜன் கொடுத்தபடியே வென்டிலேட்டரை நிறுத்தி, கரியமில வாயுவை ஏறவிட்டு, மார்பு ஒருமுறையாவது அசைகிறதா என்று பார்க்கிறார்கள். மருத்துவர் குழு குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்த பிறகே சான்றிதழில் கையெழுத்திடுகிறது.