பள்ளியை நடத்துபவர் யார்?

சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரையில் ஊரூர் ஆல்காட் குப்பம் என்றொரு மீனவர் குடியிருப்பு இருக்கிறது. குப்பத்திற்கு அமெரிக்கர் பெயர் எப்படி வந்தது? பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட், தாழ்த்தப்பட்டோர் குழந்தைகளுக்காக 1894ஆம் ஆண்டில் இப்பகுதியில் ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் ஆகிய இடங்களிலும் பள்ளிகள் எழுந்தன. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர். ஊரூர்ப் பள்ளி ஆல்காட் நினைவுப் பள்ளியாக இன்றும் நடக்கிறது.

இதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1891 டிசம்பரில், உதகமண்டலத்தில் ஒரு கூட்டம் நடந்தது. கூட்டியவர் அயோத்திதாச பண்டிதர். தம் மக்களே இந்நாட்டின் பூர்வகுடிகள் என்று வாதிட்டவர் அவர். கிராமந்தோறும் பள்ளி வேண்டும் என்பதோடு அக்கூட்டம் நிற்கவில்லை. உபாத்தியாயர்களும் தம் மக்களுள் தேர்ச்சி பெற்றவர்களாகவே இருக்க வேண்டும் என்று கேட்டது.

ஏன் இந்த இரண்டாவது கோரிக்கை? அந்நாளில் பொதுப் பள்ளிகள் பலவற்றில் இக்குழந்தைகளுக்கு இடமில்லை, கிடைத்தாலும் திண்ணையில்தான். தொட அஞ்சும் ஆசிரியர் பலகையைத் திருத்துவது எங்ஙனம்? சேரியிலேயே வாழும் ஆசிரியருக்கோ, பிள்ளை வராத நாளில் காரணம் தெரியும்: அறுவடையா, காய்ச்சலா, அடுப்பு எரியவில்லையா என்று. வீட்டில் பேசும் தமிழை அவர் கேலி செய்யமாட்டார். "படித்தால் என்ன ஆவேன்?" என்ற கேள்விக்கு அவரே விடை.

ஆல்காட் பள்ளிகளின் கண்காணிப்பு அமெரிக்கப் பெண்மணிகளிடம் இருந்தது. அவர்களுள் ஒருவரான கோர்ட்ரைட் அம்மையார் கற்பிக்கும் முறைபற்றி 1906இல் நூலே எழுதினார். அக்கறையில் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் மேல் நாற்காலி அம்மக்களுடையதாக இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வகுப்பறையில் நின்றவர்களோ வெளியிலும் தலைவர்களானார்கள். 1898இல் அயோத்திதாசருடனும் ஆல்காட்டுடனும் இலங்கை சென்ற கிருஷ்ணசாமியார் ஒரு பள்ளி ஆசிரியர். 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை அரசு ஏற்க வேண்டும் என்று 1922இல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்த எம்.சி. ராஜாவும் ஆசிரியராக இருந்தவரே.

கடல் கடந்த நியூசிலாந்திலும் இதே கேள்வி எழுந்தது. அங்குள்ள மவோரி மக்கள் 1985இல் தம் மொழியில், தம் பொறுப்பில் இயங்கும் பள்ளியை ஆக்லாந்தில் தொடங்கினர். பிறகு அரசு அதைச் சட்டத்தில் ஏற்றது.

உதகையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் கூடலூர் உள்ளது. அங்கே வித்யோதயா என்ற பள்ளி, 1990களிலிருந்து பணியர், காட்டுநாயக்கர் முதலிய பழங்குடிக் குழந்தைகளுக்காக நடந்துவருகிறது. அவர்களின் இளைஞர்களையே ஆசிரியர்களாகப் பயிற்றுவித்தது அப்பள்ளி. அயோத்திதாசர் கேட்டதும் அதே நீலகிரியில்தான். இடையில் நூறு ஆண்டுகள்.