கட்டி பெரிதாகத் தெரிந்தால் மருந்து வேலை செய்யவில்லையா?

ஜெல் தடவி எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்த மெஷினுக்குள் இருப்பதும் ஒரு கம்ப்யூட்டர்தான். காதுக்குக் கேட்காத ஒலி, உடலுக்குள் விநாடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்தில் சென்று எதிரொலிக்கிறது. திரும்பி வர ஆகும் நேரத்தை வைத்து ஆழத்தையும், எதிரொலியின் வலுவை வைத்து வெளிச்சத்தையும் கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. திரையில் தெரியும் ஒவ்வொரு பிக்சலும் இப்படிக் கிடைத்த ஓர் எண்.

இந்த எண்களுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சையில் என்ன வேலை? உடலின் எதிர்ப்புச் செல்களைத் தடுத்து வைத்திருக்கும் 'பிரேக்'கை விடுவிப்பது இம்யூனோதெரபியின் முக்கிய வகை. இதற்கு வழி காட்டிய ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோஞ்சோ இருவரும் 2018இல் நோபல் பரிசு பெற்றார்கள். மருந்தின் விலை அதிகம். பலன் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அதனால் பலனைச் சீக்கிரம் அறிவது அவசியம்.

வழக்கமாகச் சி.டி. ஸ்கேனில் கட்டியின் அளவைப் பார்ப்பார்கள். ஆனால் எதிர்ப்புச் செல்கள் கூட்டமாகக் கட்டிக்குள் நுழைவதால், சிலருக்கு அது முதலில் பெரிதாகத் தெரிந்து பிறகு சுருங்கும். இதற்காகவே 2017இல் வந்த ஐரெசிஸ்ட் விதிகள், 4 முதல் 8 வாரங்களுக்குள் மறுபடி ஸ்கேன் எடுத்து உறுதி செய்யச் சொல்கின்றன.

அளவை மட்டும் பார்க்காமல், கட்டிக்குள் நடக்கும் மாற்றத்தைப் பார்க்க அல்ட்ராசவுண்ட் உதவுமா என்று ஆராய்கிறார்கள். ரத்தத்தில் நுண்குமிழிகளைச் செலுத்தி ரத்த ஓட்டத்தை அளக்கலாம். கட்டியின் விறைப்பை அளக்கலாம். படமாக மாறும் முன் உள்ள மூல சிக்னலையே மென்பொருள் கொண்டு அலசலாம். இதில் கதிர்வீச்சு இல்லை, அடிக்கடி எடுக்கலாம். ஆனால் காற்று நிறைந்த நுரையீரலுக்குள்ளும் எலும்புக்குப் பின்னாலும் ஒலி சரியாகப் போகாது. எனவே இது இன்னும் சி.டி. ஸ்கேனுக்கு மாற்றாகிவிடவில்லை.

இதில் உங்கள் கம்ப்யூட்டருக்கும் பங்கு உண்டு. ஆண்டிமடத்தில் இருப்பவர் ஸ்கேனை ஓர் ஊரில் எடுத்து, சிகிச்சைக்குத் திருச்சியோ சென்னை அடையாறோ போக நேரலாம். அங்குள்ள டாக்டருக்குப் பழைய ஸ்கேனும் வேண்டும். செல்போனில் எடுத்த போட்டோவை வைத்துச் சரியாக அளக்க முடியாது. 'டைகாம்' ஃபைலாகவே கேட்டு வாங்குங்கள். அதில் தேதியும், அளப்பதற்கான விவரமும் சேர்ந்தே இருக்கும். தேதிவாரியாக ஃபோல்டர் போட்டு, பென் டிரைவில் ஒரு நகலும் வையுங்கள். நோயாளியின் பெயரும் அதில் இருப்பதால், கண்டவர்களுக்கும் அனுப்ப வேண்டாம்.

முக்கியமாக, ஒரே ஒரு படத்தைப் பார்த்து நீங்களாகவே சிகிச்சையை நிறுத்தாதீர்கள். அந்த முடிவு டாக்டருடையது.